நின்னுபோன அடுப்பும் பின்வளவு அடுப்பும்: கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கஷ்டத்தை ஒரு சந்தர்ப்பமா பாருங்க, அதுல இருந்து வளரலாம்னு சொல்றதை நான் நம்புறேன். ஆனா அதை யாருக்கு எப்ப சொல்றோம், சொல்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சு குடுத்திருக்கோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்குன்னு எனக்குக் காட்டினது இலங்கையில, கொழும்பு கொட்டாஞ்சேனையில சோத்துப் பார்சல் போடுற ஒரு அக்காவோட குடும்பம். சிறுதொழில் செய்ற பொம்பளைங்களுக்குக் கணக்கு வழக்கு சொல்லிக் குடுக்கிற வேலையில நான் இருக்கேன், 2022 ஜூன்ல இருந்து அவங்களைத் தொடர்ந்து பாத்துட்டு வாறேன். அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன், பேர் போடல, ஆளைக் கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கிற சில விவரத்தையும் மாத்தியிருக்கேன். இதே வேலைய செய்றவங்க, இல்ல வீட்டுல இப்பிடி ஒருத்தரை வச்சுக்கிட்டு என்ன சொல்றதுன்னு தெரியாம இருக்கிறவங்க பொறுமையா வாசிங்க.

குடும்பம் சொந்தமா மலையகத்துல அட்டன் பக்கம், அக்கா கல்யாணம் முடிச்சுத்தான் கொழும்புக்கு வந்தவங்க. மாடி வீடு ஒண்ணுல வாடகைக்கு இருந்தாங்க, புருசன் த்ரீவீல் (ஆட்டோ) ஓட்டுறவர், அவரைத்தான் நான் அண்ணன்னு சொல்றேன், த்ரீவீல் லீசிங்ல, அதாவது தவணைக் கடன்ல எடுத்தது, மூத்தது பொண்ணு, அடுத்தது பையன், கூட மாமியார். அக்கா காலையில எழும்பி சமைச்சு பார்சல் கட்டிக் குடுப்பாங்க, அண்ணன் அதை ஏத்திக்கிட்டு கொழும்புச் சந்தைப் பகுதியான புறக்கோட்டையில கடைகள்ல வேலை செய்ற பையன்களுக்குக் கொண்டு போய்க் குடுத்துட்டு அப்பிடியே ஹயர் ஓட போயிருவார். நல்லா போன காலத்துல ஒரு நாளைக்கு 60 பார்சல்.

இந்த வீட்டைப் பத்திப் பேசுற எல்லாரும் "அவங்க அடி மேல அடி வாங்கினவங்க, உரம் ஏறிப்போச்சு, எதையும் தாங்குவாங்க"ன்னுதான் சொல்லுவாங்க. நான் இதோட ஒத்துப்போகல. ஏன்னு பாருங்க. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்ல குண்டு வெடிச்சிச்சு, இவங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரம், அதுக்குப் பிறகு புறக்கோட்டைக்கு ஆளே வரல, பார்சலும் நின்னுச்சு, பேங்க்ல இருந்த நிலையான வைப்பை உடைச்சுத்தான் சாப்பிட்டாங்க. 2020 மார்ச் 20 கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டாங்க, அது முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள அக்டோபர்ல பேலியகொட மீன் சந்தைக் கொத்தணி, அதாவது அங்க இருந்து கூட்டமா பரவின கொரோனா வந்து கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கமெல்லாம் திரும்ப மூடிட்டாங்க, அந்த முறை நகையில பாதி ஈட்டுக்குப் போச்சு. ஆக 2022 வந்தப்போ அவங்க கையில உரம்னு ஒண்ணும் மிச்சமில்ல, சேமிப்பும் இல்ல நகையும் இல்ல, உடம்புல அசதி மட்டும்தான் இருந்திச்சு. ஸ்டீவன் ஹாப்ஃபால்னு ஒரு உளவியலாளர் 1989ல எழுதின வளப் பாதுகாப்புக் கோட்பாடு இதைத்தான் சொல்லுது, ஒரு இழப்பு அடுத்த இழப்பை இழுத்துட்டு வரும், கையில கொஞ்சமா வச்சிருக்கிறவங்களுக்கு அந்தச் சுழி இன்னும் வேகமா சுத்தும்னு. அடி படப் பட ஆள் பலமாகும்ங்கிற நம்பிக்கை இந்த வீட்டு விசயத்துல நேர் எதிரா இருந்திச்சு.

2022ல நாட்டுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு சமையல்கட்டுக்கு என்ன ஆச்சுங்கிறதைச் சொல்லணும். 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 1493 ரூபாயா இருந்தது 2021 அக்டோபர்ல 2675 ஆச்சு, 2022 ஏப்ரல்ல 4860, அந்த விலை குடுக்க ரெடியா நின்னாலும் சிலிண்டர் இல்ல. மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் வரைக்கும் கரன்ட் கட். ஏப்ரல் 12 நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதுன்னு அறிவிச்சிச்சு. செப்டம்பர்ல கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் படி பணவீக்கம் 69.8 வீதம், சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் பாத்தா 94.9. சோறு வித்துப் பொழைக்கிற வீட்டுக்கு இந்தக் கடைசி நம்பர்தான் எமன். இதுக்கு நடுவுல மே மாசக் கடைசியில பொண்ணுக்கு ஓ.எல், அதாவது பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை, மெழுகுதிரி வெளிச்சத்துல படிச்ச பிள்ளை. ஜூன் கடைசியில அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் பெட்ரோல்னு நிப்பாட்டினாங்க, பிறகு வண்டிக்கு இவ்வளவுதான்னு பங்கிட்டுக் குடுக்கிற கியூஆர் முறை வந்து த்ரீவீலுக்குக் கிழமைக்கு 5 லீட்டர். 5 லீட்டர்ல ஹயர் ஓடி லீசிங் கட்டுறதுன்னா எப்பிடி?

நான் முதல் தடவை போனப்போ அக்கா அடுப்பு நிப்பாட்டி ரெண்டு கிழமைக்கு மேல ஆகியிருந்திச்சு. லீசிங் நாலு தவணை பிந்தி, கம்பனிக்காரங்க வண்டியத் தூக்குவோம்னு போன் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. கனடாவுல இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தர் அன்னைக்குக் காலையில கூப்பிட்டு, எல்லாம் நல்லதுக்குத்தான், இதையும் ஒரு பாடமா எடுத்துக்கோன்னு சொல்லியிருக்கார். அக்கா என்கிட்ட சொன்னாங்க, "மிஸ், எனக்குப் பாடம் வேணாம் மிஸ், ஒரு சிலிண்டர் இருந்தா போதும்." அந்தச் சொந்தக்காரர் கெட்டவர் இல்ல, மாசாமாசம் அவரால முடிஞ்சதை அனுப்பினவர்தான். ஆனா அந்த நேரத்துல அந்த வார்த்தை அக்காவுக்கு என்னவா கேட்டிச்சுன்னா, "உன் கஷ்டத்தை நீ சரியா படல"ங்கிற மாதிரி. இதை நான் வேற வீடுகள்லயும் பாத்திருக்கேன். கஷ்டத்துல இருக்கிறவங்க தாங்களா கண்டுபிடிச்சு தங்க வாயால சொல்ற வரைக்கும் "இது ஒரு சந்தர்ப்பம்"ங்கிற வார்த்தை வெளியில இருந்து போகவே கூடாதுன்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

முதல் ரெண்டு கிழமையில செஞ்சது

வளர்ச்சி கிளர்ச்சி பத்தி ஒண்ணுமே பேசல. ஒரு சிஆர் கொப்பி எடுத்து மனசுல ஓடுற எல்லாத்தையும் ராத்திரி எழுதி வைக்கச் சொன்னேன், அக்காவுக்கு எழுதக் கஷ்டம்ங்கிறதால பொண்ணு எழுதிச்சு. டாலர், கேஸ் கப்பல், பெட்ரோல், லீசிங், ஈட்டு வட்டி, பையனுக்குச் சப்பாத்து, மாமியாருக்கு பிரஷர் மாத்திரை, வீட்டு வாடகைன்னு முழுப் பக்கம் நிரம்பிச்சு. அடுத்த நாள் உக்காந்து, இதுல நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நாம கை வைக்கக்கூடியது எது, அதை மட்டும் கோடு போடுங்கன்னேன். ரெண்டே ரெண்டுதான் வந்திச்சு. ஒண்ணு லீசிங் கம்பனிக்கு நேர்ல போறது, மத்தது மாத்திரையை அரசாங்க கிளினிக்ல எடுக்கிறது.

லீசிங் ஆபீஸ்ல முதல்ல முடியாதுன்னுதான் சொன்னாங்க. எழுத்துல குடுத்து, வருமானம் எப்பிடிக் குறைஞ்சதுன்னு கணக்குப் போட்டுக் காட்டி, மனேஜரைப் பாக்காம போக மாட்டோம்னு இருந்ததுல தவணையைக் குறைச்சு காலத்தை நீட்டிக் குடுத்தாங்க. இதுல லாபம் ஒண்ணுமில்ல, மொத்தமா பாத்தா வட்டி கூடத்தான் போகும். ஆனா போன் அடிக்கிறது நின்னுச்சு, அன்னைக்கு ராத்திரி அக்கா தூங்கினாங்க. ஹாப்ஃபால் சொல்ற அந்தச் சுழி நின்ன இடம் இதுதான்னு நான் சொல்லுவேன். இதுக்குப் பிறகு நடந்த எல்லாம் இந்தத் தூக்கம் வந்ததாலதான் நடந்திச்சு.

அடுத்தது யாரும் திட்டம் போடாம வந்தது. அண்ணன் பெட்ரோல் செட் லைன்ல ரெண்டு நாளா வண்டியோட கெடந்தார், பசிக்குதுன்னு கூப்பிட்டார், அக்கா வல்லாரை இலைக் கஞ்சி காய்ச்சி ஃபிளாஸ்க்ல ஊத்திக்கிட்டு, கருப்பட்டித் துண்டும் எடுத்துக்கிட்டு காலையில நடந்து போனாங்க. முன்னுக்கும் பின்னுக்கும் நின்ன த்ரீவீல்காரங்க "அக்கா நமக்கும் ஒரு கப் கெடைக்குமா, காசு தாறோம்"ன்னு கேட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்து அக்காவுக்கு ஒரே குழப்பம், லைன்ல சாகிற சனத்துக்கிட்ட காசு வாங்கிறது பாவமில்லையான்னு. நான் ஒண்ணும் சொல்லல. அவங்களே மாமியாரோட பேசி, ஊத்தின செலவுக்கு மேல 10 ரூபா மட்டும் வச்சு விக்கிறதுன்னு முடிவு பண்ணினாங்க.

கஞ்சிக்கு அடுப்பு வேணுமே. மாடியில விறகு எரிக்க ஏலாது. கீழ் வீட்டு முஸ்லிம் ராத்தாவுக்குப் பின்வளவு இருந்திச்சு, அவங்களும் அப்பம் சுட்டு வித்தவங்க, கேஸ் இல்லாம நிப்பாட்டி வச்சிருந்தாங்க. அடுத்த வீட்டு சிங்கள நங்கி ஹோட்டல்ல வேலை செஞ்சு வேலை போனவ. மூணு பேரும் சேந்து கல்லு வச்சு அடுப்புக் கட்டினாங்க, புறக்கோட்டை மரக்கறி மொத்தக் கடைகள்ல தூக்கிப் போடுற பலகைப் பெட்டிதான் விறகு. காலையில கஞ்சியும் பிளேன் டீயும், பத்து மணிக்குப் பிறகு அவிச்ச மரவள்ளியும் கட்டைச் சம்பலும் பார்சல். சோறை விட மரவள்ளிக்கு விலை குறைவு, வேலையும் சுருக்கு, புறக்கோட்டையில கூலி வேலை செய்றவங்க அதைத்தான் வாங்கினாங்க. கோழி வாங்கிறதுன்னா ஹலால் கடையில, மாட்டிறைச்சி அந்த அடுப்புல ஏறாது, வெள்ளிக்கிழமை முழு மரக்கறி, போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, நங்கி லீவு. இந்தச் சட்டமெல்லாம் யாரும் எழுதி வைக்கல, மூணு வருசம் ஆகியும் அப்பிடியேதான் இருக்கு. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் யுத்தத்தையும் சுனாமியையும் பாத்துட்டு கூட்டுக் காயம்னு ஒண்ணு இருக்கு, அதை ஒவ்வொரு ஆளா எடுத்து ஆத்த முடியாது, குடும்பமா ஊரா சேத்துத்தான் ஆத்தணும்னு நெடுங்காலமா சொல்லிட்டு வாறார், அது எவ்வளவு உண்மைன்னு அந்தப் பின்வளவுல புகைக்குள்ள நின்னப்போதான் எனக்கு முழுசா விளங்கிச்சு.

பழைய கணக்கைத் தோண்டினது

செப்டம்பர் பக்கம் கேஸ் திரும்பக் கெடைக்க ஆரம்பிச்சிச்சு, சோத்துப் பார்சலை மறுபடி தொடங்கலாமான்னு அக்கா கேட்டாங்க. தொடங்க முன்னாடி பழைய கணக்கைப் பாப்போம்னு உக்காந்தோம். ஓ.எல் எழுதிட்டு வீட்டுல இருந்த பொண்ணுதான் கூட்டிக் கழிச்சிச்சு. 2022 பெப்ரவரியில மரக்கறிப் பார்சல் 180 ரூபாய்க்கு வித்தாங்க. அரிசி, பருப்பு, தேங்காய், எண்ணெய், மரக்கறி எல்லாம் சேத்து 172. கேஸ் நாலரை. லஞ்ச் சீட்டும் பேப்பரும் மூணு. பெட்ரோல் மூணரை. ஆக 183. ஒரு பார்சலுக்கு 3 ரூபா நட்டம், 60 பார்சலுக்கு 180, அதுவும் அக்காவோட கூலியைச் சேக்காம. நாடு விழ முன்னாடியே இந்த அடுப்பு நட்டத்துலதான் எரிஞ்சிருக்கு.

அதுல இன்னொண்ணும் வெளியில வந்திச்சு. அக்காவுக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது கேஸ் விலைதான், 4860ன்னு சொன்னாலே நெஞ்சு அடிக்கும். ஒரு சிலிண்டர் 10 நாள் வரும், 600 பார்சல். 2675 ரூபா சிலிண்டர்ல இருந்து 4860 ரூபா சிலிண்டருக்குப் போனதால ஒரு பார்சலுக்குக் கூடினது மூணு ரூபா அறுபத்தஞ்சு சதம் கூட இல்ல. உண்மையா ஆளை விழுத்தினது அரிசியும் தேங்காயெண்ணெயும், அதோட புறக்கோட்டையில மூணு கடைக்காரங்க மாசக்கணக்கா குடுக்காம வச்சிருந்த பாக்கி. பயம் ஒரு பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது, ஓட்டை வேற பக்கம் இருக்கு. இது தெரிஞ்ச அன்னைக்கு அக்கா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப நல்ல காலத்துலயே நான் கெட்டுப்போய்த்தான் இருந்திருக்கேன், கேஸ் நின்னதாலதான மிஸ் இதைப் பாத்தோம்"ன்னாங்க. நான் காத்துக்கிட்டு இருந்த வார்த்தை அதுதான். அவங்களா சொன்னாங்க, கஞ்சி வித்து ரெண்டு மாசம் கழிச்சு, வீட்டுல சாப்பாடு இருக்கிற ஒரு நாள்ல.

ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1996ல 21 கேள்வி உள்ள ஒரு அளவுகோல் வெளியிட்டாங்க, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வாற வளர்ச்சியை அளக்கிறதுக்கு. அவங்க சொல்றதுல முக்கியமானது, வளர்ச்சி அந்தச் சம்பவத்துல இருந்து வரல, சம்பவத்துக்குப் பிறகு ஆள் அதோட போராடுறதுல இருந்துதான் வருது, அதோட வலியும் வளர்ச்சியும் ஒரே ஆளுக்குள்ள ஒண்ணாவே இருக்கும்னும் சொல்றாங்க. ஆரம்பத்துல தானா வந்து மண்டைக்குள்ள சுத்துற யோசனை கொஞ்சம் கொஞ்சமா நாமளே உக்காந்து யோசிக்கிற யோசனையா மாறணும், அதுதான் திருப்பம். எங்க அக்கா விசயத்துல அந்தத் திருப்பம் சிஆர் கொப்பியில பக்கம் பக்கமா தெரியுது. ஜூன்ல "ஏன் எங்களுக்கு மட்டும்"னு ஒரே வரி நாலு தரம் எழுதியிருக்கு, அக்டோபர்ல "பாக்கிக்காரங்களுக்கு இனிமே கிழமைக்கு ஒருக்கா, இல்லாட்டி பார்சல் இல்ல"ன்னு எழுதியிருக்கு. அந்த அளவுகோல்ல மத்தவங்களோட உறவு, புது வழிகள், தன்னோட பலம், ஆன்மிகம், வாழ்க்கையை மதிக்கிறதுன்னு அஞ்சு பகுதி. அக்காவுக்கு முதல் மூணும் நல்லா தெரியும். சாமி விசயத்துல அவங்க இன்னும் கோவமாத்தான் இருக்காங்க, நான் அதைக் குறையா எழுத மாட்டேன்.

அதே வீடு, அதே கஷ்டம், அண்ணன்

இதை விட்டுட்டு எழுதினா இந்த ஆய்வே பொய்யாயிரும். அக்காவுக்கு எது புது வழியோ அது அண்ணனுக்கு அவமானமா இருந்திச்சு. பெட்ரோல் இல்லாம த்ரீவீலை மூடி வச்சுட்டு இரவல் சைக்கிள்ல பார்சல் கொண்டு போனார், அதே புறக்கோட்டை, அதே முகங்கள், ஒருத்தன் சிரிச்சுட்டானாம், அதுல இருந்து பேச்சு நின்னுபோச்சு. பொண்டாட்டி சம்பாதிக்கிறது சந்தோசம்தான், ஆனா தான் எதுக்குன்னு கேள்வி. ராத்திரி தூங்க மாட்டார், சாப்பாடு குறைஞ்சுபோச்சு, ஒரு நாள் "நான் இல்லாட்டி உங்களுக்கு லேசு"ன்னு சொல்லியிருக்கார். அக்கா அன்னைக்கு ராத்திரியே 1926க்குக் கூப்பிட்டாங்க, அது தேசிய மனநல நிறுவனத்தோட உதவி நம்பர், அவங்க பேசி வழி சொன்னதுல கிட்ட இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மனநல ஆஸ்பத்திரி இருக்கிற அங்கொடைக்கு அனுப்பிருவாங்களோன்னு மாமியார் அழுதாங்க, கொழும்புல அந்த ஊர்ப் பேரே ஒரு பயம். மருந்து குடுத்தாங்க, மாசத்துக்கு ஒருக்கா பேசினாங்க, ஆறு மாசம் போல எடுத்திச்சு. இப்ப நல்லா இருக்கார், த்ரீவீல் ஓடுது.

மனச்சோர்வு வந்த ஆளுக்கிட்ட போய் இதை வாய்ப்பா பாருங்கன்னு சொல்றது கால் முறிஞ்சவனை ஓடச் சொல்ற மாதிரி. தூக்கம் போச்சா, சாப்பாடு போச்சா, "நான் இல்லாட்டி"ங்கிற பேச்சு வருதா, அப்ப கணக்குக் கொப்பியை மூடி வச்சுட்டு வைத்தியரைத்தான் தேடணும். இதுல தாமதிக்கவே கூடாது.

அதே ஒழுங்கையில இன்னொரு அக்காவையும் நான் பாத்துட்டு வந்தேன். உழைப்புல, கெட்டித்தனத்துல இவங்களுக்கு ஒரு பிடி கூட. ஆனா அவங்க வீட்டுக்குக் கீழ பின்வளவு இல்ல, சேந்து நிக்க ராத்தாவும் இல்ல நங்கியும் இல்ல, லீசிங்காரங்க வண்டியைத் தூக்கிட்டாங்க. 2023ல பிள்ளைகளை அம்மாக்கிட்ட விட்டுட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிட்டாங்க. அவங்க மனசைத் திருப்பிக்கலன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம்தான் வரும். எங்க குழு இப்ப முதல் கிழமையிலயே ரெண்டு விசயம் விசாரிக்குது, இந்த வீட்டுக்காரங்க யாரோட சேந்து வேலை செய்யலாம், எந்த இழப்பை உடனே நிப்பாட்டலாம். அந்த அக்காவுக்கு அது பிந்திப்போச்சு.

தேங்காய் 200 தாண்டினப்போ

உண்மையா வளர்ந்திருக்காங்களா, இல்ல நல்ல காலம் திரும்பினதால நிமிர்ந்தாங்களான்னு எனக்கே சந்தேகம் இருந்திச்சு. அதுக்கு விடை 2025 தொடக்கத்துல வந்திச்சு. கொழும்புல ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிச்சு. அப்ப அவங்க 85 பார்சல் போடுறாங்க, ஒரு நாளைக்கு 14 தேங்காய், அதுக்கு மட்டும் 2800 ரூபாய்க்கு மேல. 2022ல விலை ஏறினப்போ ஒரு மாசத்துக்கு மேல யாருக்கிட்டயும் விலை கூட்டிக் கேக்காம நட்டத்துல சமைச்ச அதே ஆள், இந்த முறை ரெண்டாவது நாளே மூணு பேரையும் உக்கார வச்சு கணக்குப் போட்டிருக்காங்க. தேங்காய்ச் சம்பல் கிழமைக்கு ரெண்டு நாள் மட்டும், மத்த நாள் சீனிச் சம்பல், பருப்பு பால் இல்லாம தாளிச்சு, பால்கறி ஒரு நாள் விட்டு ஒரு நாள், பார்சலுக்கு 20 ரூபா கூட. ஏன் கூட்டுறோம்னு பேப்பர்ல மூணு பாஷையிலயும் எழுதி பார்சல் பெட்டியில ஒட்டினாங்க. பாஷை மூணையும் எழுதினது பொண்ணு, அது ஓ.எல் முடிச்சு அதுக்கு அடுத்த கட்டமான ஏ.எல்லுக்கு வணிகப் பிரிவு எடுத்த பிள்ளை. நாலு வாடிக்கைக்காரங்க விட்டுப் போனாங்க, மத்தவங்க இருந்தாங்க. இதுல ஒண்ணுமே என்னைக் கேட்டுச் செய்யல, பிறகு போனப்போ கொப்பியைக் காட்டித்தான் சொன்னாங்க.

லீசிங் முடிஞ்சிருச்சு. ஈட்டுல இருந்த நகையில சங்கிலியும் தோடும் திரும்ப வந்திருச்சு, அம்மா போட்ட காப்பு ஏலத்துல போச்சு, அதைப் பத்திப் பேசினா அக்கா இப்பயும் அழுவாங்க. பிரஷர் மாத்திரை இப்ப மாமியாருக்கு மட்டுமில்ல அக்காவுக்கும். மூணு பேரும் சேந்து பேர் பதிஞ்சு ஒரு சின்னக் கடை எடுக்கலாமான்னு பேச்சு நடக்குது, ராத்தாவுக்கு விருப்பம், நங்கிக்குப் பயம், அக்கா முன்பணத்துக்குக் கணக்குப் போட்டுட்டு இன்னும் ஒரு வருசம் பொறுப்போம்னு சொல்றாங்க.